பதினெட்டு அடி அகலம்

எஸ்தருக்கு,

உன் அப்பன் சொல்லச் சொல்ல நம் ஊர் உபதேசியார் எழுதுகிற கடிதம் இது. வழக்கமாக நான் அனுப்புகிற கடிதம் நாலு வரியில் முடிந்துவிடும். மழை பெய்தது, ஆடு குட்டி போட்டது, எனக்கு முட்டுவலி தேவலை, நீ நேரத்துக்குச் சாப்பிடு. அவ்வளவுதான். இது அப்படி முடியாது. உபதேசியார் நேற்றே ஒரு தரம் உட்கார்ந்தார். பாதியில் கை கடுக்கிறது என்று எழுந்து போய்விட்டார். இன்று பள்ளிப் பிள்ளைகளைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கும் தொடர்ந்து பேச மூச்சு இல்லை. நடுவில் நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் சொல்வேன். நீ பொறுத்து வாசி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் உனக்கு மட்டும் சொன்னதல்ல. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் கூறிய பிறகு, ஒருவரும் எழுந்து போகுமுன், உபதேசியார் இதைச் சபை நடுவில் உரக்க வாசிப்பார். நான் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். உன் பேருக்கு வந்த பழி அந்தச் சபையில் வைத்துத்தான் வந்தது. அங்கே வைத்துத்தான் அதை எடுக்க வேண்டும். உன் கைக்கு வருவது இதன் பிரதி.

போன வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தது. ஆற்றுக்குக் கீழ்ப்பக்கம் கட்டப்போகிற பெண்கள் ஆஸ்பத்திரிக்கு நீ வரைந்து கொடுத்த பிளானைத் திரும்பக் கேட்டுவிட்டாய் என்றும், தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போய் அங்கே பள்ளிக்கூட வேலை பார்க்கப்போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். காரணம் எழுதவில்லை. காரணத்தை உபதேசியார் விசாரித்துவந்து சொன்னார். ஆஸ்பத்திரிக் கமிட்டியில் உன் பேரைச் சொன்னதும் ஒரு மூப்பர், "எந்த எஸ்தரு? பத்து வருஷத்துக்கு முன்னால கூரை விழுந்துச்சே, அந்தப் பிளான் போட்டவளா?" என்று கேட்டாராம். அதோடு மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்களாம். வருகிற திங்கட்கிழமை கமிட்டி மறுபடி கூடுகிறது. உன் பிளானை இன்னும் அவர்கள் திருப்பித் தரவில்லை. அதைக் கட்டுவதா, மதுரைக் காண்டிராக்டர் ஒருவர் கொடுத்த பிளானைக் கட்டுவதா என்று அன்றைக்கு முடிவாகிவிடும்.

அந்தக் கூரை ஏன் விழுந்தது என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். பத்து வருஷமாக இரண்டு பேரும் அதைச் சுற்றிக்கொண்டு போய் வருகிறோம், வாசலில் படுத்திருக்கிற மாட்டை எழுப்பாமல் சுற்றிப் போகிற மாதிரி. எனக்கு இனிமேல் சுற்றிப் போகக் காலில் பலம் இல்லை.

உன் அம்மாவிலிருந்து தொடங்க வேண்டும். நம் வீட்டுப் பின்பக்கத்து அறையைக் கட்டியவன் நான்தான். பிள்ளை பெறுகிற அறைக்குச் சன்னல் வைக்கக் கூடாது, காற்றுப் பட்டால் சன்னி கண்டுவிடும் என்பார்கள். எல்லாரும் அப்படித்தான் கட்டினார்கள், நானும் அப்படியே கட்டினேன். உள்ளே நெருப்புச் சட்டி, வேப்பிலைப் புகை, சாத்தின கதவு. இரண்டு பகல் அவள் அதற்குள் கிடந்தாள். உனக்கு அப்போது ஒன்பது வயசு. வெளிச்சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்த நீ என்னைப் பார்த்து, "அப்பா, அம்மாக்கு மூச்சு முட்டுது. செவுத்த ஒடச்சிருவமா?" என்று கேட்டாய். நான், "போடி அங்கிட்டு" என்று விரட்டினேன். கடப்பாரை என் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. அம்மாவும் போனாள், வயிற்றில் இருந்ததும் போயிற்று. அறையால்தான் போனாள் என்று யாரும் சொல்லவில்லை. நீயும் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் பின்னால் நீ போட்ட படம் ஒவ்வொன்றிலும் முதலில் சன்னலைத்தான் போட்டாய். அதற்குப் பிறகுதான் சுவரைப் போட்டாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

நீ கட்டட வேலை கற்றது எங்கே என்று இந்தச் சபையில் பலருக்குத் தெரியாது. போர்டிங் பள்ளியில் கற்றாள், இங்கிலீஷ் புத்தகத்தில் கற்றாள் என்று பேசுகிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் நீ எனக்குக் கஞ்சி கொண்டுவருவாய். நான் குடித்து முடிக்கும்வரை செங்கல் துண்டை எடுத்துத் தரையில் கோடு போட்டுக்கொண்டிருப்பாய். தூக்குக்குண்டை எப்படிப் பிடிப்பது, மூலைக்கு மூலை கயிறு பிடித்துச் சதுரம் பார்ப்பது எப்படி என்று நான்தான் உனக்குக் காட்டிக்கொடுத்தேன். விளையாட்டாகத்தான் காட்டினேன். பெண்ணுக்குக் காட்டி என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக் காட்டினேன். பிறகு போர்டிங்குக்குப் போனாய், கணக்குப் படித்தாய், அங்கேயே வாத்திச்சியானாய். சீமையிலிருந்து வந்திருந்த டாக்டரம்மா உன் படங்களைப் பார்த்துவிட்டு, படம் வரைகிற பெட்டியும், தோல் கூட்டுக்குள் சுருட்டி வைக்கிற அந்த அளவு டேப்பும் உனக்குக் கொடுத்தார்கள்.

முதலில் போர்டிங் அடுப்பங்கரைக்குப் படம் போட்டாய். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். கட்டி முடித்து அடுப்பைப் பற்றவைத்த அன்று, என் கூட்டாளி சுடலைமுத்து உள்ளே போய் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தான். "ஏ அண்ணாச்சி, ஒம்ம மக கட்டுனதுல புகை மேல போவுது, பாத்தீரா? நாம கட்டுனதுல நம்ம கண்ணுக்குள்ளல்லா போவும்!" என்றான். சமையல்காரப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்காமல் சோறு வடித்தது அன்றைக்குத்தான். இந்தப் பக்கத்தில் ஒரு பெண் படம் போட்டு, ஆண்கள் அதைக் கட்டி, அது நின்றது, அதுதான் முதல் தடவை. எனக்கு எவ்வளவு பெருமை என்று அன்று உன்னிடம் சொல்லவில்லை. "சாந்து கொஞ்சம் எளச்சிருக்கு" என்று மட்டும் சொன்னேன். அதையும் இப்போது சேர்த்து எழுதச் சொல்கிறேன்.

அதன்பிறகு டாக்டரம்மா நம் ஊர் ஆஸ்பத்திரிக்குப் பிரசவ வார்டு ஒன்று வேண்டும் என்றார்கள். உன்னைத்தான் படம் போடச் சொன்னார்கள். பதினெட்டு அடி அகலம் என்று நீ வைத்தாய். அந்தப் பதினெட்டு எப்படி வந்தது என்று இந்தச் சபை தெரிந்துகொள்ளட்டும். ஆற்று மணலைக் கொட்டியிருந்த இடத்தில் என்னையும் சுடலைமுத்துவையும் எதிரெதிராகப் படுக்கவைத்தாய். எங்கள் தலைமாட்டில் ஒரு கோடு, கால்மாட்டில் ஒரு கோடு. "கட்டில் ஆறரை அடி. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு" என்றாய். நடுவில் இரண்டு சிட்டாள் பெண்களைச் சாந்துச் சட்டியோடு எதிரும் புதிருமாக நடக்கவிட்டாய். ஒருத்தி மேல் ஒருத்தி இடிக்காமல் போக எவ்வளவு வேண்டும் என்று அளந்தாய். ஐந்து அடி. சுடலைமுத்து படுத்தபடியே, "எம்மா, நான் புள்ளயப் பெத்துட்டேன், எந்திரிக்கட்டா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஆறரையும் ஆறரையும் ஐந்தும், பதினெட்டு. மனுசர் உடம்பை வைத்து நீ எடுத்த அளவு அது. அதில் ஒரு விரற்கடைகூடப் பிசகில்லை.

என்னிடம் வேறொரு அளவு இருந்தது. நாம் வேதக்காரர். என் அப்பா காலத்தில் வேதத்துக்கு வந்த குடும்பம். அவர் குடுமியை எடுத்தார், வீட்டிலிருந்த பீடத்தை இடித்து ஆற்றில் போட்டார். அவருடைய கோலை மட்டும் போடவில்லை. ஒரு முழ நீளக் கருங்காலிக் கோல். எழுத்துத் தெரியாத எங்களுக்கு அதுதான் மனையடி சாஸ்திரம். ஓர் அடிக்கு ஒரு கோடு என்று கணக்குக்குப் போட்டது, ஆகிவரும் அடிக்குக் குறுக்கே ஒரு வெட்டு. ஆகாத அடிக்கு வெட்டு இராது. விரலால் தடவினாலே தெரியும். பதினேழில் வெட்டு உண்டு, இருபதில் வெட்டு உண்டு. பதினெட்டில் இல்லை. பதினெட்டு வைத்தால் மனை பாழாகும், அதிலும் பெண்ணுக்கு ஆகாது என்று என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஞாயிறுதோறும் கோவிலுக்குப் போகிறவன்தான் நான். விசுவாசப் பிரமாணம் தலைகீழாகச் சொல்லுவேன். ஆனால் நீ பதினெட்டு என்று சொன்ன அன்று சாயங்காலம் அந்தக் கோலை எடுத்துத் தடவிப் பார்த்தேன். என் பெருவிரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அது பிரசவ வார்டு. உன் அம்மா மாதிரி எத்தனை பேர் வந்து படுப்பார்கள். அது நீ கட்டுகிற முதல் பெரிய கட்டடம். அங்கே ஒருத்தி செத்தால் உன்னையல்லவா சொல்லுவார்கள் என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லியிருக்கலாம். வேதத்துக்கு வந்த வீட்டில் இன்னும் கோல் வைத்திருக்கிறீரா என்று நீ கேட்பாயே என்ற வெட்கம்.

கயிறு கட்டி முளை அடிக்கிற அன்று நீ வரமுடியவில்லை. பள்ளியில் பரீட்சை. வெளி அளவை நீ சொன்னபடியே அடித்தேன், இருபத்து மூன்று அடி. உள்ளே நீ வைத்தது பதினெட்டு, சுவர் பக்கத்துக்கு இரண்டரை. நான் சுவரைப் பக்கத்துக்கு ஓரடி குறைத்து ஒன்றரை ஆக்கினேன். உள்ளே இருபது ஆயிற்று. பதினேழாகக் குறைத்தால் கட்டில் இடிக்கும், நீ கண்டுபிடித்துவிடுவாய். கூட்டிக்கொடுத்தால் யாருக்கு என்ன குறை என்று என் மனசுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சுடலைமுத்து முளையைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்காமல் நின்றான். "என்னவே இது, பிளான்ல ஒண்ணு, தரையில ஒண்ணு?" என்று கேட்டான். "பதினெட்டு ஆகாதுலே. அடி" என்றேன். அவன் என் மடியில் செருகியிருந்த கோலைப் பார்த்தான். "சாமிய மாத்திட்டீரு. கோல மாத்தலையே, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு முளையை அடித்தான். குலசாமிக்கு வருஷந்தோறும் கிடா வெட்டுகிறவன் அவன். அவனுக்கு இல்லாத பயம் எனக்கு இருந்தது.

உத்திரங்கள் எல்லாம் அதற்கு முன்பே வந்து இறங்கியிருந்தன. பாபநாசத்துக்கு மேலே மலையடிவாரத்திலிருந்து வண்டியில் வந்த மரம். நீ சொன்ன அளவுக்கு அங்கேயே அறுத்து அனுப்பியது, இருபத்தோரடி. உன் கணக்குப்படி ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அடி சுவருக்குள்ளே போய் உட்கார வேண்டும். என் கணக்கில் அரை அடிதான் உட்கார்ந்தது. மரத்தை நீட்ட முடியாது. முனைக்குக் கீழே கல் செருகி, சாந்து அடைத்து, பூசி மறைத்துவிடலாம் என்று நினைத்தேன். நாற்பது வருஷம் கொத்துவேலை பார்த்தவன். அரை அடி போதாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கோலில் வெட்டு இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். நல்ல அளவு தாங்கிக்கொள்ளும் என்று.

சுவர் சன்னலுக்கு மேலே எழும்பியிருந்தபோது ஒரு சனிக்கிழமை நீ வந்தாய். பள்ளிச் சேலையோடு நேராக வண்டியிலிருந்து இறங்கி உள்ளே வந்தாய். நடுவில் நின்று ஒரு தரம் சுற்றிப் பார்த்தாய். "அப்பா, அறை அகலமாத் தெரியுதே. செவுரு மெலிஞ்சாப்புல இருக்கு" என்றாய். நான், "பூசாத அறை அப்படித்தாம்மா தெரியும். பூச்சு ஏறட்டும், எல்லாம் சரியாப்போகும்" என்றேன். அது பொய். உபதேசியார் இந்த இடத்தில் "தவறாகச் சொல்லிவிட்டேன்" என்று எழுதட்டுமா என்று கேட்கிறார். வேண்டாம், பொய் என்றே எழுதும் என்று சொல்லியிருக்கிறேன். எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டும்விட்டேன்.

நீ டேப்பை எடுத்தாய். பித்தளை வளையத்தைச் சுவரில் வைத்து ஒரு முழம் இழுத்தும்விட்டாய். என் ஆட்கள் ஏழெட்டுப் பேர் கையில் கரணையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேலைத்தளத்தில் கொத்தனார் ஒன்று சொன்ன பிறகு இன்னொருவர் அதை அளந்து பார்க்கிற வழக்கம் கிடையாது. அளந்தால் அவரைப் பொய்யன் என்று சொன்ன மாதிரி. அதிலும் மகள் அளந்தால் அவர் மறுநாள் அந்த ஆட்களை எப்படி வேலை வாங்குவார்? நீ அவர்களைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். பிறகு டேப்பைப் பைய உள்ளே சுருட்டிக்கொண்டாய். அந்த வளையம் தோல் கூட்டில் போய் முட்டின சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றைக்கு நீ அளந்திருந்தால் எனக்கு ஒரு நாள் அவமானம், அதோடு போயிருக்கும்.

மேல்தளத்தைச் சித்திரை வெயிலில் சிட்டாள் பெண்கள் கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் தட்டினார்கள். உவரிப் பக்கத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, தளம் கல்லாகத்தான் இறுகியது. தளத்தில் ஒரு குறையும் இல்லை. வார்டைத் திறந்தும் ஆயிற்று. ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. அத்தனை தண்ணீரையும் குடித்துத் தளம் கனத்தது. மூன்றாம் நாள் மத்தியானம், வண்டி நிறையக் கல்லைக் கவிழ்த்த மாதிரி ஒரு சத்தம். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கிழக்குக் கோடியில் இரண்டு உத்திரம் சுவரை விட்டு நழுவித் தளத்தோடு கீழே கிடந்தது. அப்போது வார்டில் பிள்ளை பெற்றுக் கிடந்த இரண்டு பெண்களும் மேற்குக் கோடியில் இருந்தார்கள். அது தேவன் செயல். ஒழுகின தண்ணீரைக் கூட்டிக்கொண்டிருந்த வார்டு ஆயா ஞானம்மாளின் வலது காலின் மேல்தான் மரம் விழுந்தது.

மூன்று நாள் கழித்து அந்த வாசலிலேயே விசாரணை வைத்தார்கள். நீ பாளையங்கோட்டைப் பள்ளியிலிருந்து வந்தாய். யாரோடும் பேசாமல் நேரே இடிந்த அறைக்குள் போனாய். டேப்பை எடுத்து இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் பிடித்தாய். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். நீ குனிந்து எண்ணைப் பார்த்தது, அப்படியே கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தது, எல்லாம் பார்த்தேன். வெளியே மூப்பர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "பொம்பளை போட்ட கணக்குல அடுப்பு நிக்கும், ஆஸ்பத்திரி நிக்குமா?" என்றார் ஒருத்தர். டாக்டரம்மா உன்னைக் கூப்பிட்டு, "எஸ்தர், அளவில் பிசகு உண்டா?" என்று கேட்டார்கள். நீ என்னைப் பார்க்கவே இல்லை. "பிசகு உண்டு, அம்மா. நான் அளந்து பார்த்திருக்கணும். பார்க்கல" என்றாய்.

நீ சொன்னதில் பொய் இல்லை. உண்மையைப் பாதியில் நிறுத்திக்கொண்டாய், எனக்காக. மீதிப் பாதி என் வாயில் இருந்தது. சுடலைமுத்து என் விலாவில் முழங்கையால் இடித்து, "நீரு சொல்லுதீரா, நான் சொல்லட்டா?" என்று கிசுகிசுத்தான். "சும்மா கெடலே" என்றேன். அவன் சும்மா இருந்தான். சாகும்வரை சும்மாவே இருந்தான். அவன் பேரில் ஒரு குற்றமும் இல்லை, என் சோற்றைத் தின்றவன்.

அடுத்த ஞாயிறு சபையில் வைத்து, கட்டடத்துக்குப் படம் போடுகிற வேலையில் இனிப் பெண்களை இறக்குவதில்லை என்று மூப்பர் அறிவித்தார். டாக்டரம்மா எழுந்து வெளியே போய்விட்டார்கள். நீ உட்கார்ந்தே இருந்தாய். பள்ளிக்குத் திரும்புமுன் அந்த டேப்பை என் கையில் கொடுத்து, "இது உங்ககிட்ட இருக்கட்டும்ப்பா" என்றாய். அதன்பிறகு அந்த வார்டைக் கட்டியது யார்? நான்தான். உள்பக்கம் இன்னும் ஓரடிச் சுவரைச் சேர்த்துக் கட்டி, இரண்டரை அடியாக்கி, உன் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, நீ சொன்ன பதினெட்டு அடிக்கு, உன் டேப்பால் அளந்தே கட்டினேன். அதே உத்திரம்தான், கச்சிதமாக உட்கார்ந்தது. பத்து ஐப்பசி அதன் மேல் பெய்துவிட்டது. ஒரு கீறல் இல்லை. எத்தனையோ பிள்ளைகள் அங்கே பிறந்து, இந்தச் சபையிலேயே ஞானஸ்நானம் வாங்கியிருக்கின்றன. அதற்கு எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா? "கொத்தனார் கைபட்ட பிறகுதான் சரியாச்சு" என்ற பேர். வார்டை மறுபடி பிரதிஷ்டை செய்த அன்று எனக்கு மாலை போட்டார்கள். நான் கழுத்தை நீட்டினேன்.

அந்தக் கோலை அன்றைக்கே அடுப்பில் வைத்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். வைக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை உன் கடிதத்தைக் கேட்ட பிறகுதான் வைத்தேன். பத்து வருஷம் அது பரணில் கிடந்தது. பயம் அவ்வளவு லேசில் போவதில்லை, மகளே. நீ யாருடைய பயத்தையும் பார்த்துச் சிரிக்காதே. ஆனால் அந்தப் பயம் உன் சுவருக்குள் புகுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

இதை எழுதச் சொல்லுமுன் ஞானம்மாள் வீட்டுக்குப் போனேன். ஞாயிறுதோறும் அவள் ஊன்றுகோல் கோவில் தரையில் தட்டிக்கொண்டு வருவதைத் தலையைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். வாசலில் நின்றபடியே முழுவதையும் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. முடித்தபிறகு, "அண்ணாச்சி, காலு போனது போச்சு. அது கெடக்கட்டும். அந்தப் புள்ளைய நான் பத்து வருஷமா ஏசிட்டுக் கெடந்தேனே. செபம் பண்ணுத நேரத்துலகூட ஏசுனேனே. அதுக்கு நான் எங்கன போய் முட்ட?" என்று கேட்டாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஒமக்கு வெக்கமா இல்லையா வே?" என்றாள். இருக்கிறது என்றேன். "இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்" என்றாள். நான் திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து, "திங்கக்கெழம கமிட்டிக்கு நீரு மட்டும் போனா, கெழவன் மகளுக்காகப் புளுவுதான்னு சொல்லுவானுவ. நானும் வாரேன். கால காட்டுதேன்" என்று சத்தம் கேட்டது.

ஆகவே திங்கட்கிழமை நானும் ஞானம்மாளும் ஒரு வண்டியில் கமிட்டிக்குப் போகிறோம். நான் பேசுவேன். சபையில் வாசித்த கடிதத்தை உபதேசியார் அங்கேயும் வாசிப்பார். கீழே வைத்திருக்கிற கைநாட்டு என்னுடையதுதான் என்று அவர்கள் முன்னிலையில் இன்னொரு தரம் வைத்துக் காட்டுவேன். வேண்டுமானால் அவர்களைக் கூட்டிவந்து அந்த வார்டின் சுவரில் பழைய கனம் எங்கே முடிகிறது, நான் சேர்த்துக் கட்டின ஓரடி எங்கே தொடங்குகிறது என்று பூச்சைக் கொத்திக் காட்டுவேன். கல் பொய் சொல்லாது. அவர்கள் உன் பிளானை எடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது. மனசு மாறுவது பெரிய மனுசர்களுக்குக் கஷ்டம். என்னையே பாரேன், பத்து வருஷம் ஆயிற்று.

நீ கொழும்புக்குப் போகத்தான் வேண்டும் என்றால் போ. சீமையில் சண்டை நடக்கிற காலம், கடலில் கப்பல் சரியாகப் போகிறதா என்று விசாரித்துப் போ. என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கஞ்சி வைத்துத் தர ஆள் இருக்கிறது. என்னை நீ மன்னித்தாயா என்றும் கேட்கமாட்டேன். அதை நீ அந்த விசாரணையன்றே செய்துவிட்டாய், கேட்காமலே. அதுதான் என்னை இவ்வளவு நாள் அரித்தது. இந்தக் கடிதத்துக்கு அப்புறமும் நீ போனால், போக வேண்டும் என்று நினைத்துப் போனதாக இருக்கட்டும். விழுந்த கூரைக்காகப் போகாதே. அது உன் கூரை அல்ல.

உன் டேப்பைத் துணியில் சுற்றி இத்தோடு அனுப்புகிறேன். நேற்று அதை இழுத்துப் பார்த்தேன், டேப்பின் துணி நைந்துபோகவில்லை, வளையத்தில் மட்டும் களிம்பு ஏறியிருந்தது, புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். ஆற்றுக்குக் கீழ்ப்பக்கத்திலோ கொழும்பிலோ, என்றைக்காவது ஒருநாள் நீ மறுபடி ஒரு கட்டடத்தின் நடுவில் போய் நிற்பாய். அறை அகலமாகத் தெரிகிறதே என்று உனக்குத் தோன்றும். பக்கத்தில் ஒரு கிழட்டுக் கொத்தனார் நிற்பார். பூசினால் சரியாகிவிடும் என்பார். அவருடைய ஆட்கள் எல்லாரும் உன்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் மனசு நோகுமே என்று உனக்கு இரக்கம் வரும், உன் சுபாவம் எனக்குத் தெரியும். மகளே, அவர் யாராக இருந்தாலும், உனக்கு அளக்கக் கற்றுக்கொடுத்தவராகவே இருந்தாலும், டேப்பைச் சுருட்டாதே. அந்தச் சுவர் வரை இழுத்துக்கொண்டு போ.